நிற்கத் தெரிந்தவர்கள்

“மோட்டார்ப் பந்தயமா? பணம் படைத்தவன் பொழுது போகாமல் பார்க்கும் வேடிக்கை அது! மில்லிலே நூல் நூற்பவனுக்கும், பட்டறையிலே சம்மட்டி பிடிப்பவனுக்கும் அங்கே என்ன வேலை?” — இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வியிலே கோபம் இருக்கிறது. கோபத்திலே ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஒரு வண்டிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு தெருவுக்கே வீடு கட்டலாமே என்று உழைப்பவன் கணக்குப் போட்டால், அவன் கணக்கைத் தவறு என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால், அந்தக் கேள்விக்கு முழு விடை வேண்டுமானால் ஓர் ஊருக்குப் போய்வர வேண்டும். பிரான்சு நாட்டிலே, பாரிசு நகருக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோ மீட்டரில், லெ மான் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலே மான் இருக்கிறது. ஓடுவதோ இரும்புக் குதிரைகள்! ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜூன் மாதத்தில், சனிக்கிழமை பிற்பகல் புறப்படுகிற வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை 24 மணி நேரம் ஓயாமல் ஓடுகின்றன. பகலும் ஓட்டம், இரவும் ஓட்டம், மழையிலும் ஓட்டம். யார் அதிக தூரம் ஓடினாரோ அவருக்கு வெற்றி.

அந்த ஓட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நாம் சொல்ல வந்தது வேறு. அந்தப் பந்தயத்தை மனிதத் தன்மையுள்ளதாக ஆக்கியவர்கள் ஓடியவர்கள் மட்டுமல்லர். நிற்க வேண்டிய நேரத்தில் நின்றவர்களும்தான். அதைத்தான் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், யார் போகிறார்கள் என்று பார்ப்போம். பாரிசு நகரின் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லெ மான். ஊருக்குள்ளிருந்து டிராம் வண்டியே பந்தயத் தடத்தின் அருகே கொண்டுபோய் விடுகிறது. கடலுக்கு அப்பாலிருந்து இங்கிலாந்துக்காரர்கள் கப்பலில் தங்கள் கார்களையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். மாளிகை விடுதியில் தங்குகிறவர்கள் சிலர். புல்வெளியிலே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, மழை வந்தால் நனைந்து, வெயில் வந்தால் காய்ந்து கிடக்கிறவர்களோ பல்லாயிரம் பேர். தச்சன் இருக்கிறான், தபால்காரன் இருக்கிறான், கார் பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு வேலை செய்பவன் இருக்கிறான். ஆண்டெல்லாம் காசு சேர்த்து வருகிறவர்கள் அவர்கள். தகப்பன் தோளில் ஏறி முதல் பந்தயம் பார்த்த பிள்ளை, தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறான். 2023-ம் ஆண்டு, பந்தயத்தின் நூற்றாண்டு விழாவின் போது, 3 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டார்கள். 3 லட்சம் பேரும் சீமான்களா? சீமான்களுக்கு நாற்காலி போட ஒரு மேடை போதும். மற்ற இடமெல்லாம் உழைப்பாளிகள் நின்று பார்க்கும் இடம்!

போகிறவன் எதைப் பார்க்கிறான்? தடத்தின் நீளம் ஏறத்தாழ 13.6 கிலோ மீட்டர். அதிலே ஒரு பெரும் பகுதி ஊரார் பயன்படுத்தும் பொதுச் சாலை. பந்தயம் இல்லாத நாளில் அதே சாலையில் லாரியும் போகும், பால் வண்டியும் போகும். இரவு வந்துவிட்டால் வண்டிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை; வெளிச்சம்தான் தெரிகிறது, உறுமல்தான் கேட்கிறது. கூடாரத்தில் படுத்தவனுக்கு உறக்கம் வருவதில்லை. பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் வண்டிகள் ஒதுங்கும் கொட்டகை வரிசையில், மெக்கானிக்குகள் சுவரோடு சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணயர்கிறார்கள். வண்டி வருகிறது என்று குரல் கேட்டதும் எழுந்து ஓடுகிறார்கள். இரவு ஷிப்டு பார்த்த தோழர்களுக்கு அந்தக் கண் சிவப்பை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பந்தயம் பிறந்தது 1923-ம் ஆண்டு மே மாதம் 26, 27 தேதிகளில். வேகத்தைக் காட்டுவது மட்டும் நோக்கமாக இருக்கவில்லை. மோட்டார் வண்டி இரவிலே நம்பிப் போகக்கூடியதா, விளக்கு நிலைக்குமா, மின்சாரம் கொடுக்கும் டைனமோ தாங்குமா என்று சோதிப்பதும் நோக்கம். அன்று ஆலங்கட்டி மழை. 33 வண்டிகள் புறப்பட்டன. வென்ற வண்டி 24 மணி நேரத்தில் ஓடியது சுமார் 2,209 கிலோ மீட்டர். 2010-ம் ஆண்டு வென்ற வண்டி ஓடியது 5,410 கிலோ மீட்டர். இடையிலே இருக்கும் 3,200 கிலோ மீட்டரும் எத்தனை பட்டறைகளின் வியர்வை!

அந்த முதல் பந்தயத்திலே ஒரு நிகழ்ச்சி. டஃப், கிளெமென்ட் என்ற இருவர் ஓட்டிய பென்ட்லி வண்டியின் பெட்ரோல் தொட்டியைக் கல் ஒன்று துளைத்துவிட்டது. பெட்ரோல் ஒழுகி வண்டி வழியிலே நின்றது. டஃப் கால்நடையாகவே ஓடி வந்து செய்தி சொன்னார். கிளெமென்ட் பெட்ரோல் டின்னைத் தூக்கிக்கொண்டு, அங்கே இருந்த ஒரு சைக்கிளை இரவல் வாங்கி மிதித்துப் போனார், ஓட்டையை அடைத்தார், வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். பெரிய மோட்டாரைக் காப்பாற்றியது சின்னச் சைக்கிள்! கால் வலிக்க மிதிக்கும் நம் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்; பெருமையும் படலாம்.

இனி, நின்ற கதைக்கு வருவோம்.

1936-ம் ஆண்டு. அந்த ஆண்டு லெ மானில் பந்தயம் நடக்கவில்லை. மழையா தடுத்தது? போரா தடுத்தது? இல்லை. தொழிலாளி தடுத்தான்! மே மாதம் விமானத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலை நிறுத்தம், மோட்டார்த் தொழிற்சாலைகளுக்குப் பரவி, ஜூன் மாதத்தில் பிரான்சு நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறவில்லை, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். இயந்திரத்தை உடைக்கவில்லை, துடைத்து வைத்துவிட்டுப் பக்கத்திலே அமர்ந்தார்கள். வண்டி செய்கிறவன் கையைக் கட்டிக்கொண்டால் பந்தயம் எப்படி நடக்கும்? பந்தயம் கைவிடப்பட்டது.

அந்த நிறுத்தத்தின் பலன் என்ன? ஜூன் 7-ந் தேதி இரவு, பிரதமர் லெயோன் ப்ளூமின் மாளிகையில் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூலி உயர்ந்தது. அதே மாதத்தில் சட்டங்கள் வந்தன: வாரத்துக்கு 40 மணி நேர வேலை; ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அதோடு, விடுமுறையில் ஊருக்குப் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி! கடல் என்று ஒன்று இருப்பதைக் கேள்வியால் மட்டுமே அறிந்திருந்த குடும்பங்கள், அந்தக் கோடையிலே மூட்டை கட்டிக்கொண்டு போய் அலையிலே கால் நனைத்தன.

தோழர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு பந்தயம் நின்றது. அது நின்ற ஆண்டிலேதான், பந்தயம் பார்க்கப் போவதற்கான நேரம் தொழிலாளிக்குக் கிடைத்தது! இன்று புல்வெளியில் கூடாரம் அடித்துப் படுத்திருப்பவனைக் கேட்டால், “லீவு போட்டுவிட்டு வந்தேன்” என்று எளிதாகச் சொல்கிறான். அந்த லீவு யாரும் கும்பிட்டுப் பெற்றதல்ல. அவனுடைய பாட்டன் ஆலைத் தரையிலே படுத்து வாங்கிக் கொடுத்தது. 1968-ம் ஆண்டும் மே மாத வேலை நிறுத்தங்களால் பந்தயம் ஜூனில் நடக்காமல் செப்டம்பருக்குத் தள்ளிப் போயிற்று. உலகப் புகழ் பெற்ற பந்தயமானாலும், உழைப்பவன் ஒப்புக்கொண்டால்தான் சக்கரம் சுழலும் என்பதற்கு இரண்டு சான்றுகள் இவை.

நின்றதால் கிடைத்ததைச் சொன்னோம். நிற்காததால் போனதையும் சொல்லியாக வேண்டும். சொல்ல நெஞ்சு கனக்கிறது. என்றாலும் சொல்ல வேண்டும்.

1952-ம் ஆண்டு. பியேர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர், மாற்று ஓட்டுநர் இருந்தும் வண்டியை விட்டு இறங்காமல், ஏறத்தாழ 23 மணி நேரம் தனியொருவராகவே ஓட்டினார். முன்னணியிலே இருந்தார். பந்தயம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் இஞ்சின் உடைந்தது. வெற்றி மெர்சிடீஸ் கம்பெனிக்குப் போயிற்று. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால், ஓய்வில்லாத உழைப்பை வீரம் என்று போற்றும் பழக்கம் யாருக்கு வசதி என்று தொழிலாளிக்குத் தெரியும். மூன்று ஆண்டுக்குப் பிறகு அதே மெர்சிடீஸ் கம்பெனி அவரைத் தன் வண்டியிலே ஏற்றியது.

1955-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி. மாலை நான்கு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னே போன ஒரு வண்டி கொட்டகையில் ஒதுங்குவதற்காக வேகத்தைக் குறைத்தது. பின்னே வந்த வண்டி விலகியது. அதன் பின்னே வந்த லெவேயின் வண்டி அதன் மேல் மோதி எழும்பி, பார்வையாளர் நின்ற கரையிலே விழுந்து சிதறியது. இஞ்சின் ஒரு பக்கம், முன் அச்சு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் என்று கூட்டத்துக்குள்ளே பாய்ந்தன. மக்னீசியம் கலந்த உலோகத்தால் ஆன அந்த வண்டி வெள்ளை நெருப்பாக எரிந்தது. லெவே மாண்டார். பார்க்க வந்தவர்கள் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். பிள்ளையைத் தோளில் ஏற்றியிருந்த தகப்பன்மார் அந்தக் கூட்டத்திலே இருந்திருக்க மாட்டார்களா?

பந்தயம் நிற்கவில்லை. மறுநாள் பிற்பகல் வரை ஓடி முடிந்தது. “எல்லோரும் ஒரேயடியாகக் கலைந்தால் சாலை அடைபடும்; ஆம்புலன்சு வண்டிகள் போக முடியாது” என்று நடத்தியவர்கள் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் பொருளே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. நள்ளிரவு கடந்த பிறகு மெர்சிடீஸ் கம்பெனி, முன்னணியில் இருந்தபோதே, தன் மற்ற வண்டிகளை விலக்கிக்கொண்டது என்பதையும் மறைக்கவில்லை.

நாம் கேட்பது வேறு கேள்வி. விபத்துக்குப் பின் நிறுத்தினார்களா என்பது இருக்கட்டும். விபத்துக்கு முன் ஏன் நிறுத்தவில்லை? பந்தயம் பிறந்த நாளில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 92 கிலோ மீட்டர். 1955-ல் நேர்சாலையிலே 270 கிலோ மீட்டருக்கு மேல் பறந்தார்கள். வேகம் வளர்ந்தது, சாலை வளரவில்லை. கொட்டகைகளுக்கும் ஓடும் தடத்துக்கும் இடையே சுவர் இல்லை. எதிரே, ஒரு மண் கரைக்கு அப்பால் மக்கள் திரள். இஞ்சினுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தது. சுவருக்குச் செலவழிக்க மனம் இல்லை! ஓட்டுநர் எவரையும் குற்றவாளி என்று விசாரணை சொல்லவில்லை. உண்மைதான், குற்றம் ஒருவன் கையில் இல்லை, ஏற்பாட்டிலே இருந்தது. ஏற்பாட்டிலே இருக்கும் குற்றத்துக்குக் கைவிலங்கு மாட்ட முடியாது. அதனால்தான் அது நெடுநாள் வாழ்கிறது. ஆலை விபத்துகளில் “யாருடைய தவறும் அல்ல” என்று அறிக்கை படித்த தோழர்களுக்கு இது பழகிய பாட்டு.

அதன் பிறகுதான் கொட்டகைகளை இடித்துக் கட்டினார்கள், தடத்தை அகலமாக்கினார்கள், பார்வையாளர் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்த வேலைக்காக 1956-ம் ஆண்டுப் பந்தயத்தை ஜூலை கடைசி வரை ஒத்தி வைத்தார்கள். ஒத்தி வைக்க முடிகிறதல்லவா? ஓராண்டு முன்னால் முடியாது என்று இருந்தது, 80 உயிர் போனபின் முடிந்தது!

“ஆபத்து இல்லாத பந்தயம் உண்டா?” என்று சிலர் கேட்பார்கள். ஓட்டுகிறவன் ஆபத்தை அறிந்து ஏறுகிறான். அது அவன் தொழில், அவன் விருப்பம். சீட்டு வாங்கி வேலிக்கு வெளியே நிற்பவன் எந்த ஆபத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை. அவனிடம் காசு வாங்கியவன் அவன் உயிருக்குப் பொறுப்பு.

ஓட்டுநரின் உயிரும் மலிவல்ல. அதையும் ஒருவர் நின்று காட்டினார். அந்நாளில் பந்தயம் தொடங்கும் முறை வேடிக்கையானது. வண்டிகள் ஒரு பக்கம், ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம். கொடி அசைந்ததும் சாலையைக் கடந்து ஓடி, வண்டியில் தாவி ஏறிப் புறப்பட வேண்டும். அவசரத்திலே இருக்கை வாரை யார் மாட்டுவார்கள்? 1969-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, கொடி அசைந்தது, எல்லோரும் ஓடினார்கள். ஜாக்கி இக்ஸ் என்ற 24 வயது பெல்ஜியக்காரர் மட்டும் ஓடவில்லை. நடந்தார். வண்டியில் ஏறி, வாரை நிதானமாக மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் புறப்பட்டார். அந்த முதல் சுற்றிலேயே ஜான் உல்ஃப் என்ற ஓட்டுநர் வண்டி கவிழ்ந்து மாண்டார். அவர் வாரை மாட்டியிருக்கவில்லை.

24 மணி நேரத்துக்குப் பிறகு வென்றவர் யார்? நடந்து போன இக்ஸும், அவருடன் மாறி மாறி ஓட்டிய ஆலிவரும்! இரண்டாவது வண்டிக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது சுமார் 120 மீட்டர் தூரம்தான். ஒரு நாள் முழுவதும் ஓடும் பந்தயத்தில் தொடக்கத்தில் இழந்த சில விநாடிகள் யாரையும் தோற்கடிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஓடி ஏறும் முறை ஒழிந்தது. ஓட்டுநர்கள் வாரை மாட்டி வண்டிக்குள் அமர்ந்தபடியே புறப்பட்டார்கள்.

மேடை ஏறி அவர் முழங்கவில்லை. எல்லோரும் ஓடும்போது நடந்தார், அவ்வளவே. “பாதுகாப்பு பார்த்தால் உற்பத்தி குறையும்” என்று சொல்கிற மேலாளர்களுக்கு இந்த 120 மீட்டரை நாம் பரிசாக அனுப்பலாம்.

இன்று ஓட்டுநருக்கு நேர வரம்பு இருக்கிறது. எந்த 6 மணி நேரத்திலும் 4 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது; மொத்தத்தில் 14 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. மாறி மாறி ஓட்ட வேண்டும். லெவே தனியாகச் செய்த முயற்சியை இன்று எவரும் செய்ய முடியாது, செய்ய விடமாட்டார்கள். நேர்சாலையில் 1988-ல் ஒரு வண்டி மணிக்கு 400 கிலோ மீட்டரைத் தாண்டியது. 1990-ல் அந்தச் சாலையிலே இரண்டு இடத்தில் வளைவு போட்டு வேகத்தை உடைத்தார்கள். பந்தயத்தின் புகழ் குறைந்ததா? கூட்டம் கூடித்தான் இருக்கிறது! தடத்தைச் சுற்றிக் கொடி பிடித்து நிற்பவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள். சம்பளத்துக்காக வந்தவர்கள் அல்லர். பிறர் உயிரைக் காக்க இரவெல்லாம் விழித்து நிற்கும் அவர்களைத்தான் நாம் முதலில் வணங்குவோம்.

2012-ம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்தத் தடத்திலே ஓட்டினார். லெ மான் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அவர் குழு ஆறாவது இடம் பெற்றது. மகிழ்ச்சிதான். அவர் ஓட்டியபோது உடன் இருந்த சுவரும், வாரும், நேர வரம்பும் எத்தனை உயிர்களின் விலை என்பதை அறிந்தால், அந்த மகிழ்ச்சிக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

ஆகவே, தொடக்கத்திலே கேள்வி கேட்ட தோழருக்கு நாம் சொல்வது இதுதான். வாய்ப்பு இருந்தால் போய்ப் பாருங்கள். வேடிக்கை பார்ப்பது பாவமல்ல. ஓய்வும் களிப்பும் உழைப்பவனுக்கும் உரியவை. ஆனால், வண்டியைப் பார்க்கும்போது அதைச் செய்தவனையும் பாருங்கள். வேலியைப் பார்க்கும்போது, அது எப்போது வந்தது, யார் செத்தபின் வந்தது என்று கேளுங்கள்.

இங்கே நாம் நடத்தும் கூட்டத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். மாநாட்டுப் பந்தல் போடும் தோழன், ஒலிபெருக்கி எத்தனை என்று எண்ணுவதற்கு முன் வெளியேறும் வழி எத்தனை என்று எண்ணட்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே, ஆம்புலன்சு வரும் பாதை எங்கே என்று பார்க்கட்டும். வழி போதவில்லை என்றால், தலைவர் மேடைக்கு வந்துவிட்டாலும், “கொஞ்சம் நிறுத்துங்கள்” என்று சொல்லும் துணிவு அவனுக்கு வேண்டும். அவன் சொல்லைக் கேட்டு நிற்கும் பண்பு நமக்கு வேண்டும்.

ஓடத் தெரிந்தவர்கள் உலகத்திலே நிறைய. நிற்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே பெருகட்டும்!